பாட்டுப் போடாத சடங்கு

மடவளையைத் தாண்டியதும் பேருந்துக்குள் உறக்கம் ஏறிக்கொள்ளும். கண்டியில் புறப்படும்போது பேசியும் சிரித்தும் வந்தவர்கள் வத்தேகமையை நெருங்குவதற்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருப்பார்கள். பன்விலைக்கு மேலே சாலை வளைந்து வளைந்து ஏற, சன்னல் கண்ணாடிகளில் பனி படர்ந்து வெளியுலகம் மெல்ல அழியும். தேயிலைச் சரிவும் சவுக்கு மரமும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரையும் ஒரு கணம் தோன்றி மறுகணம் இல்லாமற்போகும். ஓய்வுபெற்ற பின்னரும் விடியற்காலைக் கனவில் நான் அந்தப் பேருந்தில்தான் இருக்கிறேன். கனவில் அது மடுல்கெல்லையைச் சென்றடைவதில்லை, ஏறிக்கொண்டே இருக்கிறது.

சென்ற மாதம் இளம் ஆசிரியை ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். நான் வகித்த ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பு இப்போது அவரிடம் இருக்கிறது.

"டீச்சர், ஆட்கடத்தல் தடுப்புப் பாடம் இப்ப வீடியோவா வந்திருச்சு. திரையில போட்டா கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். பிள்ளைங்க கைதட்டிட்டுப் போயிடுறாங்க. அதுக்கு மேல நாங்க என்னா செய்யணும்?"

அவருடைய கவலை நியாயமானது. இன்று தரகர்கள் மலையேறி வருவதில்லை. கீழைநாடொன்றில் கணினி வேலை, நல்ல சம்பளம், தங்க இடம் என்று கைப்பேசித் திரையில் வருகிறார்கள். வந்து அழைக்கும் வழி மாறியிருக்கிறது. அழைக்கும் குரலின் இனிமை மாறவில்லை. தொலைபேசியில் அவருக்கு என்னால் சுருக்கமாக விடை கூற இயலவில்லை. ஒரு பாடத்தையும் ஒரு பிள்ளையையும் நினைவுகூர்ந்தே கூற முடியும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியையாகப் பணியைத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த தந்தையின் வீட்டில் வளர்ந்தவள். இலக்கணமும் பழந்தமிழும் அவரிடமே கற்றேன். ஆலோசனை வழிகாட்டலுக்கு ஆசிரியர் போதாத ஓராண்டில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கண்டியில் ஏரிக்கு அருகேயிருந்த ஒரு மண்டபத்தில் சிலநாட் பயிற்சி நடந்தது. விரிவுரைகளும் விலங்கிட்ட கைகளின் படங்களும் நிறையவே இருந்தன. அவ்வளவையும் முறையாகக் குறித்துக்கொண்டு வந்தேன்.

உண்மையில் நான் கற்றது நஸீரா அவர்களிடம். வலயக் கல்வி அலுவலகத்தில் இத்துறைக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர், மடவளைக்காரர். தோட்டப் பள்ளிகளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து செல்லும் நாட்களில் பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள பேருந்துத் தரிப்பிடத்தில் ஏறுவார். ஒரு கையில் குடை, மறு கையில் பணிஸ் ரொட்டிப் பொதி. அமர்ந்ததும் பொதியைப் பிரித்து, அறிமுகமில்லாத பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒன்று நீட்டுவார்.

மேலதிகாரிகளுக்கென்று வகுப்பறையின் முன்னே ஒரு கதிரை போடுவது நம் பள்ளிகளின் வழக்கம். அவர் அதில் அமர்ந்து நான் கண்டதில்லை. கடைசி வாங்குப் பலகையில் பிள்ளைகளை நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடம் கேட்பார். இடையில் ஒரு சொல்லும் பேசமாட்டார். திரும்பும் வழியில், எனக்குக் கண் செருகும் வேளையில்தான் அவருடைய மதிப்பீடு வரும். அதனால் அவர் கூறியவற்றுள் பலவற்றை நான் கேட்டேனா, கனவு கண்டேனா என்று இன்றும் பிரித்தறிய முடிவதில்லை.

மடுல்கெல்லைக்கு மேலேயுள்ள தோட்டப் பள்ளியில், பத்தாந் தர வகுப்பில், என் முதற்பாடம் நடந்தது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ ஒருவரது இயலாமையைப் பயன்படுத்தியோ அவரை இடம்பெயர்த்துச் சுரண்டுவதே ஆட்கடத்தல் என்று வரையறை எழுதினேன். எழுத்துப் பிழையின்றி, பொருட்பிழையின்றி எழுதினேன். பிள்ளைகளும் அழகாகப் பார்த்தெழுதினார்கள்.

அன்று பேருந்து மலையிறங்கும்போது காதருகே நஸீராவின் குரல் கேட்டது. அவருடைய மடவளைப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும், 'சொல்' என்பது 'செல்' ஆகும்.

"டீச்சர், நித்திரையா?"

"இல்லை மெடம், சொல்லுங்கோ."

"உங்கட தமிழ் நல்ல வடிவா ஈக்கி. சுவர்ல மாட்டின படம் மாதிரி. ஆனா புள்ளைகளுக்கு அதக் கழட்டி ஊட்டுக்குக் கொண்டுபோக ஏலாதே."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"அவங்கள ஆட உடுங்க. நாம பாத்துக்கிட்டு ஈப்போம்."

அடுத்த முறை பிள்ளைகளை நடிக்கச் சொன்னேன். வகுப்பின் வாயாடி சத்யா தரகராக வந்தாள். கரியால் மீசை, கழுத்தில் கைக்குட்டை, யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடி. எதிரே தர்ஷினி என்ற ஒல்லியான பிள்ளை நின்றாள். "ஏய் புள்ள, வா என்கூட!" என்று சத்யா உறுமினாள். "மாட்டேன் போடா!" என்று தர்ஷினி கத்தினாள். வகுப்பு அதிர்ந்தது. என் பாடம் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

பின் வாங்கிலிருந்து நஸீரா எழுந்தார். அவர் பாடத்தின் நடுவில் எழுந்தது அதுவே முதன்முறை.

"நல்லா ஆடினீங்க. ஆனா இப்படி ஒரு ஆள் லயத்துக்கு வந்தா நாய் கூட உள்ள உடாது. சத்யா, மீசைய அழிச்சிட்டு இன்னொருக்கா வாங்க. இவட சொந்த அத்தையா வாங்க. இவளத் தூக்கி வளர்த்த அத்தையா."

சத்யா பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தாள். வாசலுக்கு வெளியே போனவள் சிறிது நேரம் வரவில்லை. வந்தபோது நடையே வேறாக இருந்தது. தர்ஷினியின் தலையைத் தடவினாள்.

"சாப்பிட்டியாடி கண்ணு? என்னா இப்படி மெலிஞ்சுபோயிட்ட... எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தவங்க இருக்காங்க. நல்ல மனுசி. ஒன்னயச் சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்குவாங்க."

தர்ஷினி வாய் திறந்தாள். 'மாட்டேன்' வரவில்லை. வகுப்பு அவளுடைய முகத்தையே பார்த்திருந்தது.

"எப்ப போகணும் அத்த?" என்றாள்.

வெளியே பனி சன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"இல்லன்னு செல்ல வரல்ல தானே?" என்றார் நஸீரா மெதுவாக. "வராது. எனக்கும் வராது. அன்பா கூப்பிட்டா யாருக்கு வரும்? அதனால நான் இல்லன்னு செல்லுங்கன்னு செல்லல்ல. ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. எனக்குப் பிடிக்கலன்னா நான் எப்ப திரும்பி வரலாம்? யார் கூப்பிட்டாலும் கேளுங்க. சொந்தக்காரங்கன்னாலும் கேளுங்க. என்ன பதில் வருதுன்னு பாக்காதீங்க. எப்படி வருதுன்னு பாருங்க."

நான் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. பிள்ளைகள் அந்தக் கேள்வியை ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பார்த்தார்கள். பல குரல்களில் அது அறையைச் சுற்றி வந்தது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து நாங்கள் மீண்டும் அங்கே சென்றபோது தர்ஷினியின் இடம் வெறுமையாக இருந்தது. வகுப்பாசிரியர் ஜெகநாதன் நகரத்திலிருந்து புதிதாக வந்த இளைஞர். கேட்டபோது அவர் கையிலிருந்த வெண்கட்டியைப் பார்த்தவாறே பேசினார்.

"அது... வீட்டு விசேஷம் டீச்சர். பெரிய பிள்ளை ஆயிட்டாளாம். பிள்ளைங்கதான் சொன்னாங்க."

நான் தலையசைத்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வராமைக்கு இந்தக் காரணம் கூறப்பட்டால் அதற்கப்பால் எவரும் கேட்பதில்லை. அவள் வீட்டினுள் ஒதுங்கியிருப்பாள். ஆண்கள் அவளைக் காணமாட்டார்கள். சடங்கு முடிந்து, மஞ்சள் மணம் மாறாத முகத்தோடு தானாகவே ஒருநாள் திரும்பி வருவாள். கேட்பது நாகரிகமன்று என்றே நாங்கள் எல்லோரும் வளர்க்கப்பட்டிருந்தோம்.

நஸீரா தேநீர்க் கோப்பையோடு சன்னலருகே போய் நின்றார். பள்ளத்தாக்கின் அக்கரையில், பனி விலகும்போதெல்லாம், தர்ஷினியின் லயம் தெரிந்தது. மறைந்தது. மீண்டும் தெரிந்தது. அவர் எதையோ கேட்பவர்போல் தலையைச் சற்றே சாய்த்திருந்தார்.

"டீச்சர், பாட்டுச் சத்தம் ஒண்ணும் கேக்கல்லயே."

அப்போதுதான் நானும் கேட்டேன். ஓடைநீரின் ஓசையும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கூப்பிடு குரலும் தவிர மலை அமைதியாக இருந்தது. தோட்டத்தில் சடங்கு என்றால் ஒலிபெருக்கி இல்லாமல் இல்லை. விடியுமுன்னே கொய்யா மரத்தில் அதைக் கட்டிவிடுவார்கள். திரைப்பாடல்கள் ஒரு மலையிலிருந்து மறுமலைக்கு உருளும். எந்த லயத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்பது தோட்டத்துரையின் பங்களாவிலிருந்து பாலர் பள்ளிவரை தெரிந்துவிடும்.

"கொஞ்சம் பிந்தித்தான் வைப்பினமோ?" என்றேன்.

"ஈக்கலாம். கேட்டுப் பாப்போமே."

சத்யாவை அவர் தலைமையாசிரியரான அதிபரின் அறைக்கு அழைக்கவில்லை. கோப்பைகளைக் கழுவ வருமாறு கூறிக் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் நின்றேன்.

"என்ன சத்யா, கூட்டாளிக்குச் சடங்கு. எங்களுக்கு ஒரு துண்டு கேக் கூட கொண்டாரல்லயே?"

"இன்னும் வக்கல மெடம்."

"எப்ப வக்கிற?"

அவள் கோப்பையைத் தண்ணீரில் திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

"மெடம், நா சொன்னேன்னு அவகிட்ட சொல்லிருவீங்களா?"

"செல்லமாட்டன்."

"அவதான் அப்படிச் சொல்லச் சொன்னா. இதச் சொன்னா சேர்மாரு, டீச்சர்மாரு ஒண்ணுமே கேக்க மாட்டாங்களாம். அவ பெரிய புள்ளையானது போன வருசம் மெடம். அம்மா வெளிநாட்டுலேருந்து வந்ததும் சடங்கு வப்போம்னு விட்டுட்டாங்க." அழுகை முந்திக்கொண்டது. "இன்னைக்குப் பின்னேரம் சுகந்தி அக்கா ஆட்டோவுல வருவாங்க. அம்மா இருக்கிற எடத்துக்கே வேலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். பாஸ்போட்டுல வயசு கூட்டிப் போட்டிருக்காங்களாம்."

சுகந்தி என்பவள் யாரென்று அவள் விக்கலோடு சொன்னாள். பல தோட்டங்களுக்கும் வந்துபோகிறவள். தர்ஷினியை வளர்க்கும் ராணி அத்தையை முன்னொருகால் வெளிநாட்டுக்கு அனுப்பியவளும் அவளே.

பள்ளியில் ஒருவரும் ஐயுறாத ஒரேயொரு காரணத்தை ஒரு சிறுமி கண்டுபிடித்திருந்தாள். எங்கள் நாகரிகத்தை அவள் கதவாக்கித் தாழிட்டுக்கொண்டிருந்தாள்.

இனி நடந்தவற்றை முறையாகக் கூற வேண்டும். இளையவர்களுக்கு அது பயன்படும். நஸீரா முதலில் அதிபரிடம் தெரிவித்தார். அதிபரின் அறையிலிருந்தே பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு அதிகாரியை அழைத்தார். கண்டதையும் கேட்டதையும் கூறினார், நினைத்ததைக் கூறவில்லை. பிள்ளையின் பெயரை ஒருமுறை மட்டும், வாயைக் கையால் மறைத்துச் சொன்னார். அதிகாரி காவல்துறையினரோடு வருவதாகக் கூறினார். ஆனால் வழி நீண்டது.

"அவங்க வார வரைக்கும் நாம போய்ப் புள்ளக்கிட்ட உக்காந்து ஈப்போம்" என்றார் நஸீரா. "வெறுங்கையோட போக ஏலாது. சடங்கு வீடு தானே."

சந்திக் கடையில் ஒரு கேக், ஒரு சீப்பு வாழைப்பழம், கண்ணாடி வளையல் வாங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மெடம், இல்லாத சடங்குக்கோ?"

"பொய் செல்லினது சின்னப் புள்ள, டீச்சர். அதச் சபையில வச்சு உடைச்சா நாளைக்கு அவள் எப்படி ஸ்கூலுக்கு வார?"

லயத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் பனிமூட்டம் முழங்கால் அளவுக்குக் கிடந்தது. நாங்கள் நடப்பதாகவே தோன்றவில்லை, மிதந்து சென்றோம். கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் கேக் பெட்டியைக் கண்டு நின்றார்கள்.

"என்னாங்க டீச்சர், எந்த வீட்டு விசேஷம்?"

"தர்ஷினி ஊட்டுக்குத்தான்."

"அட! ராணி நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! கமுக்கக்காரி!"

ராணி அத்தை வாசலில் திகைத்து நின்றார். தர்ஷினியின் தாய் அயல்நாட்டில் வீட்டுவேலை; தந்தை கொழும்பில் ஒரு கடையில். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் பிள்ளைக்கு எல்லாமாக இருந்தவர் அத்தையே. உள்ளே தர்ஷினி புதுச்சட்டையோடு பையொன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். கேக் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலை குனிந்துகொண்டாள்.

"வாங்க, வாங்க. பால் இல்லீங்க, சாயத்தண்ணிதான்" என்றார் அத்தை.

நஸீரா சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். வளையல்களைத் தாமே பிள்ளையின் கையில் போட்டுவிட்டார்.

"எங்க பயணம், மகள்?"

"அம்மாகிட்ட."

"நல்லம். அம்மாவுக்குச் செல்லினீங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு சுகந்தி அக்கா சொன்னாங்க. திடீர்னு போய் நின்னா அம்மா சந்தோசப்படுவாங்களாம்."

நான் அறிந்த வரையறைகள் அனைத்தும் தொண்டை வரை வந்தன. நஸீரா என் முழங்கால்மேல் கைவைத்து அழுத்தினார். அடங்கினேன்.

"போகலாம் மகள். அந்த அக்கா வந்ததும், அன்னைக்கு வகுப்புல கேட்டமே, அது ஒண்ணு மட்டும் கேளுங்க" என்றார். வேறெதுவும் கூறவில்லை. கீழே முச்சக்கரவண்டியின் ஓசை எழுந்தது.

சுகந்தி வந்தாள். எங்கள் கரிமீசைத் தரகரின் சாயல் அவளிடம் இம்மியும் இல்லை. மல்லிகை மணக்க, பிசுக்கோத்துப் பொதியோடு வந்து, முதலில் ராணி அத்தையின் மூட்டுவலியைக் கேட்டாள்.

"டீச்சர்மாரு வழியனுப்பவே வந்துட்டாங்களா! குடுத்துவச்ச புள்ள. போவமா தங்கம்?"

தர்ஷினி பையை எடுத்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. புது வளையல்கள் மெல்லக் குலுங்கின.

"அக்கா, எனக்குப் பிடிக்கலன்னா நா எப்ப திரும்பி வரலாம்?"

சுகந்தி சிரித்தாள். "கிறுக்கி! போறப்பவே யாராச்சும் திரும்பி வர்றதப் பேசுவாங்களா?"

"இல்லக்கா... எப்ப?"

"எல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம். அக்ரிமென்ட் இருக்குல்ல? அதுக்குள்ள என்னா பிடிக்கிறது, பிடிக்காதது?" குரலில் இருந்த மல்லிகை உதிர்ந்துவிட்டது. "யாரு ஒனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

அப்போது, நான் எதிர்பாராத மூலையிலிருந்து, ராணி அத்தையின் குரல் வந்தது.

"நா கேக்கல." கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். "எங்காத்தா செத்தப்ப, அங்க நா வேல செஞ்ச வீட்டுல கால்ல விழுந்து அழுதேன், ஊருக்கு விடுங்கன்னு. விடல. நீ அனுப்புனப்ப இந்தக் கேள்விய நா கேக்கல சுகந்தி. இவ கேக்குறா."

எழுந்து வந்து பிள்ளையின் கையிலிருந்த பையை வாங்கினார்.

"புள்ள வரல. நீ போயிட்டு வா."

விரட்டும்போதுகூட விருந்தினருக்குச் சொல்லும் சொல்லையே அவர் சொன்னார். சுகந்தி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். வண்டியைப் பனி விழுங்கிற்று. கீழ்ச் சந்தியில் அதிகாரியும் காவல்துறையினரும் அதை நிறுத்தினார்கள். பின்னிருக்கையில் வேறொரு தோட்டத்துப் பிள்ளை இருந்தாள் என்றும், அவளும் வீடு திரும்பினாள் என்றும் பின்னர் அறிந்தோம்.

அதிகாரி மேலே வந்து பொறுமையாக எல்லோரிடமும் பேசினார். தர்ஷினியின் தாயைக் கைப்பேசியில் அழைத்துக் கொடுத்தார். தாய்க்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அந்தச் சிறு கருவியிலிருந்து எழுந்த குரல் காம்பரா முழுவதும் கேட்டது.

"அடி கூறுகெட்டவளே, இங்க என்னாத்துக்குடி வர்ற? நானே அங்க வர்றதுக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்கேன்!"

தர்ஷினி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதே வாசலில் ஆரவாரம். கேக் பெட்டியைக் கண்ட பெண்கள் லயம் முழுவதும் செய்தி பரப்பியிருந்தார்கள். ஒருத்தி தட்டில் பூவோடு வந்தாள். மற்றொருத்தி மஞ்சளோடு வந்தாள். "ஏன்டி ராணி, டீச்சர்மாருக்குச் சொல்லுவ, எங்களுக்குச் சொல்ல மாட்டியா?" என்று சண்டைக்கு நின்றார்கள். ராணி அத்தை எங்களைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் முடிவாச்சு. வாங்க, உள்ள வாங்க" என்றார்.

அந்த இளம் ஆசிரியைக்கு என் விடை இதுதான். வீடியோ முடிந்ததும் திரையை அணைத்துவிடுங்கள். தரகரின் மீசையைப் பிள்ளைகளைக் கொண்டே அழிக்கச் செய்யுங்கள். பதிலைக் கற்பிக்காமல் கேள்வியை அவர்கள் நாவில் பழக்குங்கள். கைப்பேசியில் வரும் இனிய குரலிடமும் அதைக் கேட்கலாம். வெறுமையான இருக்கைக்குக் கூறப்படும் காரணம் எவ்வளவு கண்ணியமானதாக இருந்தாலும், ஒருமுறை சன்னலருகே போய் நில்லுங்கள்.

தர்ஷினி இப்போது வத்தேகமையில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். தாய் திரும்பி வந்துவிட்டார். நஸீரா மடவளையில் ஓய்வாக இருக்கிறார், நான் தொலைபேசியில் பேசினால் இன்றும், "நித்திரையா டீச்சர்?" என்றே தொடங்குவார்.

அன்று மாலை நாங்கள் சந்திக்கு இறங்கி வந்து பேருந்துக்குக் காத்து நின்றோம். பள்ளத்தாக்கு பனியால் நிரம்பி வழிந்தது. லயமும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. பேருந்து வந்தது. ஏறி அமர்ந்தோம். சாரதி பொறியை இயக்குமுன் நஸீரா என் கையைத் தொட்டார்.

"கேக்குதா?"

எங்கோ உயரத்தில், பனிக்குள்ளிருந்து, ஒரு பழைய பாட்டு கரகரத்த ஒலிபெருக்கியில் தொடங்கியிருந்தது.